பிரேக் விட்டால்தான் சம்பளம்: அமெரிக்க ரீஜனல் விமானியின் மாதம்

பார்க்கிங் பிரேக்கை விட்டு விமானம் நகர்ந்த நொடியில்தான், பெரிய நிறுவனங்களின் பெயரில் சின்ன ஊர்களுக்கு ஓட்டும் அமெரிக்க ரீஜனல் விமானிக்குச் சம்பள மணி ஓட ஆரம்பிக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் கேட்டில் நிறுத்திப் பிரேக் போட்டதும் அது நின்றுவிடும். பயணிகள் ஏறும் அரை மணி நேரம், இடிமழைக்காகக் கேட்டிலேயே காத்துக்கிடக்கும் இரண்டு மணி நேரம், ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே க்ரூ ரூமில் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரம் என்று எதற்கும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் தனிக் காசு கிடையாது. மாதம் 80 மணி நேரம் சம்பளத்தில் ஏறினால், வீட்டை விட்டு வெளியே கழிந்த நேரம் 250, 300 மணி வரை போயிருக்கும். இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் சம்பளப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடும்போது, இந்த இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

டிக்கெட்டில் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் என்று இருக்கும். விமானத்தின் மேலே யுனைடெட் எக்ஸ்பிரஸ், டெல்டா கனெக்‌ஷன், அமெரிக்கன் ஈகிள் என்று எழுதியிருக்கும். ஆனால் ஓட்டுவது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், எண்டெவர், என்வாய், பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள். பெரிய நிறுவன விமானிகளின் ஒப்பந்தத்தில் உள்ள 'ஸ்கோப்' விதி, ரீஜனல் விமானங்களுக்கு 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை என்று வரம்பு கட்டியிருக்கிறது. அதற்குள் அடங்குபவைதான் சிஆர்ஜே 900, எம்ப்ரேயர் 175 வகைகள். சிகாகோ, சார்லட், டல்லாஸ் போன்ற ஹப்பிலிருந்து (பெரிய மைய விமான நிலையத்திலிருந்து) சின்ன ஊருக்குப் போய், திரும்பி, வேறொரு சின்ன ஊருக்குப் போவதுதான் வேலை. ஒவ்வொரு பறப்பும் முக்கால் மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை. ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குவது சாதாரணம். உடம்பை இறக்குவது பறக்கும் மணிக்கணக்கைவிட இந்த ஏற்ற இறக்கம்தான்.

உள்ளே நுழைவதற்கு ஏடிபி எனும் விமான நிறுவன விமானி லைசென்ஸ் வேண்டும். பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விமானவியல் இளங்கலைப் பட்டம் இருந்தால் 1,000, ராணுவ விமானியாக இருந்தால் 750. இந்தியாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் பயிற்சிக்குப் போகிறவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அங்கே பயிற்சி முடித்துவிட்டால் அங்கேயே வேலை என்பது தானாக நடப்பதில்லை. பெரும்பாலான ரீஜனல்கள் அமெரிக்காவில் நிரந்தரமாக வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே கையில் இருப்பவர்களையே எடுக்கின்றன.

சேர்ந்த நாளில் கையில் ஓர் எண் தருவார்கள். அதுதான் சீனியாரிட்டி எண். ஒரே பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன், யார் பின் என்பதைச் சில இடங்களில் வயதை வைத்தும், சில இடங்களில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்தும் முடிவு செய்கிறார்கள். எந்த ஊர் பேஸ் (பணி தொடங்கி முடியும் ஊர்), எந்த விமானம், தீபாவளிக்கு லீவு கிடைக்குமா, எப்போது கேப்டன் ஆவது எல்லாமே அந்த எண்ணைப் பொறுத்தது. திறமையாக ஓட்டுகிறார் என்பதற்காக யாரும் வரிசையில் முன்னால் போக முடியாது. வேறு நிறுவனத்துக்குத் தாவினால் அங்கே கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும். ஆகவே இரண்டு நிறுவனங்கள் வேலை தந்தால், மணிக்கு இரண்டு டாலர் கூடுதலாகத் தரும் இடத்தைவிட, ஒரு மாதம் முன்னதாக வகுப்புத் தேதி தரும் இடம் பெரும்பாலும் மேல். அந்த ஒரு மாதத்தில் உங்களுக்குப் பின்னால் நூறு பேர் வந்து நின்றுவிடலாம்.

சிமுலேட்டர் முடிந்து, செக் ஏர்மேன் எனும் சோதனை விமானி பக்கத்தில் உட்கார்ந்து பயணிகளோடு குறைந்தது 25 மணி நேரம் பறந்த பிறகு விமானி 'லைனுக்கு' வருகிறார். அங்கே காத்திருப்பது ரிசர்வ், அதாவது கூப்பிட்டால் பறக்கத் தயாராக இருக்கும் வேலை. இதற்குள் இன்னொரு கெடுவும் உண்டு. செக் முடிந்த 120 நாளுக்குள் அந்த விமான வகையில் 100 மணி நேரம் பறந்தாக வேண்டும். ரிசர்வில் கூப்பிடாமலே விட்டுவிட்டால் நாள் ஓடும், மணி ஏறாது. அதனால் புதியவர்கள் பணி ஒதுக்கும் ஷெட்யூலிங் பிரிவின் அழைப்புக்காகக் காத்திராமல், ஆள் ஒதுக்கப்படாமல் ஓபன் டைமில் கிடக்கும் சின்னப் பறப்பையும் எடுத்துக்கொள்வது நல்லது. அந்த 100 மணி நேரம் வரும்வரை பார்வைத்தூரம் முக்கால் மைலோ அதற்குக் குறைவோ ஆனாலோ, பக்கக் காற்றின் வேகம் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) தாண்டினாலோ, ரன்வேயில் பனி, தண்ணீர் தேங்கியிருந்தாலோ கேப்டன்தான் ஏற்றி இறக்க வேண்டும். "எனக்கு இன்னும் 100 ஆகவில்லை" என்பதை முதல் விமானத்துக்கு முன்பே கேப்டனிடம் சொல்லிவிடுவது வழக்கம். சொல்ல மறந்தால், இறங்கும்போது மூடுபனிக்குள் வைத்துப் பேச வேண்டியதாகிவிடும்.

ரிசர்வில் இரண்டு வகை. லாங் கால் என்றால் பொதுவாக 12 மணி நேரத்துக்கு முன் சொல்லிவிடுவார்கள், வீட்டில் இருக்கலாம். ஷார்ட் கால் என்றால் அழைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்பதுபோல ஒப்பந்தம் இருக்கும். ஷார்ட் கால் காத்திருப்பு நேரத்துக்குச் சட்டப்படி 14 மணி நேரம் வரம்பு. அதைவிட முக்கியமான இன்னொரு கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. காத்திருப்பு தொடங்கிய நேரத்திலிருந்து பறப்புப் பணி முடியும்வரை மொத்தம் 16 மணி நேரம், அல்லது ஓய்வு விதிகளின் அட்டவணையில் உள்ள பணி நேரத்தோடு 4 மணி கூட்டினால் வருவது, இரண்டில் எது குறைவோ அதற்குள் முடிய வேண்டும்.

ஓர் உதாரணம். காத்திருப்பு காலை 4:00 மணிக்குத் தொடங்குகிறது. பகல் 1:00 மணிக்குக் கூப்பிட்டு, "3:00 மணிக்கு ரிப்போர்ட், நான்கு லெக்" என்கிறார்கள், அதாவது 3:00 மணிக்குப் பணிக்கு வந்து நான்கு பறப்பு. 3:00 மணிக்குத் தொடங்கி நான்கு லெக் என்றால் அட்டவணை 12 மணி நேரம் தருகிறது. அதோடு 4 சேர்த்தால் 16. காலை 4:00 மணியிலிருந்து 16 மணி நேரம் என்றால் இரவு 8:00. ஆகவே அந்த ஆளுக்கு மிஞ்சியிருப்பது 5 மணி நேரப் பணிதான். இரவு 11:00 மணிக்கு முடியும் வேலையை அவருக்குக் கொடுக்க முடியாது. ஷெட்யூலிங் மேசையில் இருப்பவர் ஒரே நேரத்தில் நாற்பது பேரின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தவறு வருவது இயல்பு. போனை எடுத்ததும் சம்மதம் சொல்லுமுன் காகிதத்தில் மூன்று நேரத்தை எழுதுங்கள்: காத்திருப்பு தொடங்கியது, ரிப்போர்ட், கடைசி விமானம் நிற்கும் நேரம். கூட்டிப் பார்க்க முப்பது நொடிதான் ஆகும்.

அட்டவணை என்று சொன்னது, அமெரிக்க விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏவின் விதிகளில் பகுதி 117-இல் உள்ளது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 இரவு, நெவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் 3407 வீடு ஒன்றின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதைச் சொல்லும் ஸ்டால் எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை செய்தார் என்பது விசாரணையின் முடிவு. அதோடு, அந்த இருவரும் அதற்கு முந்தைய இரவுகளை எங்கே கழித்தார்கள் என்பதும் வெளியே வந்தது. கேப்டன் நெவார்க் க்ரூ ரூமில் தங்கியிருந்தார். துணை விமானி சியாட்டிலிலிருந்து மெம்பிஸ் வழியாக இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வேலைக்கு வந்திருந்தார். இருவருக்கும் களைப்பு இருந்திருக்கும் என்று விசாரணைக் குழு சொன்னது. அது எவ்வளவு பங்கு வகித்தது என்று அளந்து சொல்ல முடியவில்லை. 1,500 மணி நேர விதி, இந்த ஓய்வு விதிகள் இரண்டுக்கும் வழிவிட்ட 2010 சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதன் எண்களை மனப்பாடம் செய்வதைப் பரீட்சைச் சுமையாக நினைக்கக் கூடாது. ஒவ்வோர் எண்ணுக்கும் உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

எண்கள் இப்படி வருகின்றன. காலை 5:00 மணிக்குத் தொடங்கினால் நான்கு லெக் வரை 12 மணி நேரப் பணி, 9 மணி நேரப் பறப்பு. 4:55க்குத் தொடங்கினால் பணி 10 மணி நேரம், பறப்பு 8. ஐந்து நிமிடத்தில் இரண்டு மணி நேரம் மாறுகிறது. காலை 7:00 முதல் நண்பகல் வரை தொடங்கினால் இரண்டு லெக்குக்கு 14, நான்குக்கு 13. மாலை 5:00 முதல் இரவு 10:00க்கு முன் தொடங்கினால் நான்கு லெக்குக்கு 11, ஐந்துக்கு 10. லெக் கூடக் கூட நேரம் குறையும். டெட்ஹெட் என்று பயணியாக உட்கார்ந்து போவது லெக் கணக்கில் சேராது. ஆனால் அதன் பிறகு ஓய்வில்லாமல் பறக்கப் போகிறீர்கள் என்றால் பணி நேரத்தில் சேரும்.

இதில் பலர் இடறும் இடம் நேர மண்டலம். அட்டவணையைப் பார்க்க வேண்டியது உங்கள் உடம்பு பழகியிருக்கும் ஊரின் நேரத்தில். சிகாகோ பேஸ் விமானி நியூயார்க்கில் இரவு தங்கி, அங்கே காலை 5:15க்கு ரிப்போர்ட் செய்கிறார் என்றால் அவருக்கு அது 4:15. அவர் 10 மணி நேர வரிசையில் நிற்கிறார், 12 மணி நேர வரிசையில் இல்லை. டென்வரில் 4:30க்கு எழுந்து ரிப்போர்ட் செய்தால் அவருக்கு 5:30, வரிசை வேறு. கைக்கடிகாரத்தைப் பேஸ் நேரத்திலேயே வைத்துக்கொண்டு, உள்ளூர் நேரத்துக்குப் போனைப் பார்ப்பது பலருடைய பழக்கம். எளிய பழக்கம், நிறையத் தவறைத் தடுக்கும்.

கோடையில் இந்தக் கணக்கு உயிர்பெறும். மாலையில் இடிமேகம் கட்டி ஹப் மூடினால் எல்லா விமானமும் நிற்கும். பகல் 1:00 மணி ரிப்போர்ட், ஐந்து லெக் என்று வைத்துக்கொள்வோம். பணி 11 மணி 30 நிமிடம், அதாவது இரவு 12:30க்குள் கடைசி ஊரில் பிரேக் போட்டிருக்க வேண்டும். கடைசி லெக் ஏறியதிலிருந்து இறங்கும்வரை 1 மணி 10 நிமிடம், இறங்கியபின் டாக்ஸி 10 நிமிடம். ஆக இரவு 11:10க்குள் சக்கரம் தரையை விட வேண்டும். அரை மணி நேரம் நீட்டிக்கலாம், அப்போது 11:40. இரண்டு மணி நேரம்வரை நீட்டிக்கவும் விதி இடம் தருகிறது, எந்த நீட்டிப்புக்கும் கேப்டனின் சம்மதம் வேண்டும். அரை மணிக்கு மேற்பட்ட நீட்டிப்பு அடுத்த 30 மணி நேர ஓய்வு வருவதற்குள் ஒரே ஒரு முறைதான். '11:10 / 11:40' என்று ஃப்ளைட் பிளான் காகிதத்தின் மூலையில் பெரிதாக எழுதி வைத்திருக்கும் துணை விமானியைக் கேப்டன்களுக்குப் பிடிக்கும். டாக்ஸிவேயில் இருபதாவது ஆளாக நிற்கும்போது, எத்தனை மணிக்குத் திரும்பிப் போயாக வேண்டும் என்பதை யோசிக்க மூளை மறுக்கும். முன்பே எழுதியிருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. டாக்ஸிவேயில் நிற்கும் நேரமும் பறப்பு நேரக் கணக்கில் ஏறுகிறது என்பதை மறக்கக் கூடாது. அந்த 9 மணி நேரம் தரையிலேயே கரைந்துபோன நாட்கள் உண்டு.

ஓய்வு 10 மணி நேரம். அதற்குள் தடையில்லாமல் 8 மணி நேரம் தூங்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். காகிதத்தில் தாராளமாகத் தெரியும். நடப்பில் பாருங்கள்: இரவு 10:40க்குப் பிரேக். 10:55க்கு டியூட்டி முடிவு. காலை 8:55க்கு ரிப்போர்ட். ஓட்டல் வேன் 11:20க்கு வருகிறது, அறைக் கதவைத் திறக்கும்போது 11:50. காலையில் வேன் 8:10க்கு. நடுவில் 8 மணி 20 நிமிடம். அதற்குள் குளித்து, உடுப்பு மாட்ட வேண்டும். வேன் அரை மணி தாமதமாக வந்திருந்தால் 8 மணி நேரம் என்பது இல்லாமல் போய்விடுகிறது. அப்படியானால் உடனே, படுக்கும் முன்பே, ஷெட்யூலிங்குக்குப் போன் செய்து அறைக்கு வந்த நேரத்தைச் சொல்லி ரிப்போர்ட்டைத் தள்ளச் சொல்ல வேண்டும். விதி அதை உங்கள் கடமையாகவே வைத்திருக்கிறது. காலையில் எழுந்து சொன்னால் தாமதம் உங்கள் தலையில் விழும்; இரவே சொன்னால் அவர்கள் காலை விமானத்தை ஒழுங்கு செய்ய நேரம் கிடைக்கும். வேன் வந்த நேரத்தையும் கதவைத் திறந்த நேரத்தையும் போனில் குறித்துவைப்பது இதற்காகத்தான்.

அறைக்குள் போனதும் முதல் வேலை, திரைச்சீலையின் நடு இடைவெளியைப் பேன்ட் மாட்டும் ஹேங்கரின் கிளிப்பால் கவ்விவிடுவது. விளக்கை அணைத்தால் தெரியும், டிவியின் சிவப்புப் புள்ளியும் கடிகாரத்தின் பச்சை எண்ணும். இரண்டின் மேலும் துண்டைப் போட்டுவிட வேண்டும். முந்தைய விருந்தினர் வைத்துப்போன அலாரம் அதில் இருக்கக்கூடும், அணைத்துவிடுங்கள். லிஃப்ட்டுக்கும் ஐஸ் மெஷினுக்கும் தள்ளி அறை வேண்டும் என்று சாவி வாங்கும்போதே கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். போனில் ஓர் அலாரம், ஓட்டலின் எழுப்பும் அழைப்பு ஒன்று, இரண்டும் இருக்கட்டும். அமெரிக்க விதியில் காக்பிட்டில் தூங்க அனுமதி இல்லை, ஆகவே தூக்கத்தின் கணக்கு இந்த அறையிலேயே முடிந்தாக வேண்டும்.

அடுத்தடுத்த நாட்களின் நேரம் மாறுவது எல்லாவற்றையும்விடக் கொடியது. நான்கு நாள் ட்ரிப்பில் முதல் நாள் மாலை தொடங்கி நள்ளிரவில் முடியும். மூன்றாம் நாள் விடியற்காலை 5:00 மணிக்கு ரிப்போர்ட் வைத்திருப்பார்கள். விதிக்கு உட்பட்டதுதான், உடம்புக்கு உட்பட்டதல்ல. இப்படிப்பட்ட ட்ரிப்பைப் பார்த்தால், சம்பளம் நன்றாக இருந்தாலும் பிட் செய்யாமல் (விருப்பப் பட்டியலில் கேட்காமல்) விடுவது நல்லது. ஸ்டாண்ட்-அப் என்று சொல்லும் வகையும் இருக்கிறது: இரவு ஒன்பதரைக்கு ரிப்போர்ட், ஒரு மணி நேரம் பறந்து சின்ன ஊரில் ஓட்டலில் நான்கைந்து மணி நேரம், விடியலில் திரும்பி வருவது. அந்த ஓட்டல் நேரம் 3 மணிக்குக் குறையாமல், இரவு 10:00க்கும் காலை 5:00க்கும் இடையில் இருந்தால் பணி நேரத்தில் சேராது. பகலில் குழந்தைகளோடு இருக்கலாம் என்று சிலர் இதையே கேட்டு வாங்குகிறார்கள். பகலில் நன்றாகத் தூங்கக்கூடிய வீடு இருந்தால் மட்டும் இது சரிவரும். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இரவில் ஸ்டாண்ட்-அப் என்றால் இரண்டாம் வாரமே உடம்பு சொல்லிவிடும்.

மாதத்தின் விமானங்கள் பிட்டிங்கில் முடிவாகின்றன. முந்தைய மாதத்தின் முதல் வாரத்தில் திறந்து, நடுவில் முடிவு வருவது பொதுவான வழக்கம். புதியவர்கள் செய்யும் தவறு, ஆசையை எல்லாம் எழுதிவிடுவது. சனி, ஞாயிறு வேண்டாம், காலை வேண்டாம், நான்கு நாள் ட்ரிப் வேண்டாம், டெட்ராய்ட் இரவு வேண்டாம் என்று எழுதினால் கணினி எதையும் நிறைவேற்ற முடியாமல் கடைசி வரிக்குப் போய், மிஞ்சியதை வைத்து நிரப்பும். முதலில் போன மாத முடிவை எடுத்து, உங்களுக்கு ஒரு படி மேலே இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். அவருக்கே கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்காது. பிறகு விடவே முடியாத தேதிகள் இரண்டையோ மூன்றையோ மட்டும் முதல் வரியில் போடுங்கள். அடுத்து முதல் நாள் ரிப்போர்ட் நேரமும் கடைசி நாள் முடியும் நேரமும். வெளியூரிலிருந்து வருகிறவருக்குக் காலை 11:00க்குப் பின் தொடங்கி மாலை 6:00க்குள் முடிவது பொன். கடைசியில், 'இதுவும் இல்லையென்றால் இது' என்று மாற்று வரிசை ஒன்றைக் கண்டிப்பாக எழுத வேண்டும். மாதக் கடைசியில் அடுத்த மாதத்துக்குள் நீளும் ட்ரிப்பையும் கவனியுங்கள், அது அடுத்த மாதத்து லீவுத் தேதியை விழுங்கிவிடும்.

வெளியூரிலிருந்து வருவது என்றேன். கம்யூட்டிங் பற்றி இங்கே நேராகச் சொல்ல வேண்டும்: பேஸ் உள்ள ஊரிலேயே குடியிருக்க முடிந்தால், குடியிருங்கள். மாதம் 12 நாள் லீவு என்று காகிதத்தில் இருந்தாலும், நான்கு ட்ரிப்புக்கு முந்தைய மாலையும் பிந்தைய காலையும் பயணத்தில் போனால் நான்கைந்து நாள் அதிலேயே கரையும். காக்பிட்டின் கூடுதல் இருக்கையான ஜம்ப்சீட்டை நம்பி வருபவர் கடைசி விமானத்தைப் பிடிக்கக் கூடாது. அதற்கு முந்தையதைப் பிடித்து, கடைசியை மாற்றாக வைத்துக்கொள்ள வேண்டும். பல ஒப்பந்தங்களில் கம்யூட்டர் விதி என்று ஒன்று உண்டு; இடம் காலியாக இருந்த இரண்டு விமானத்தை முயன்றும் வர முடியவில்லை என்று காட்டினால் தண்டனை இல்லை. முயன்றதற்கான பட்டியலைப் போனில் படம் எடுத்து வைத்தால்தான் அது செல்லும். இரவு தங்க கிராஷ்பேட் என்ற பகிர்வு வீடுகள் இருக்கின்றன. நியூயார்க்கில் கியூ கார்டன்ஸ் பகுதியில் விமானப் பணியாளர்கள் அவ்வளவு பேர் இப்படித் தங்குவதால் அதற்குக் 'க்ரூ கார்டன்ஸ்' என்றே பட்டப்பெயர். ஹாட் பங்க் என்றால் யார் வேண்டுமானாலும் படுக்கும் கட்டில். கோல்ட் பங்க் என்றால் உங்களுக்கென்று ஒரு கட்டில். மாதச் செலவு கொஞ்சம் கூடினாலும் கோல்ட் பங்கையே எடுங்கள். இரவு 1:00 மணிக்கு வந்து, காலிக் கட்டில் தேடி, இருட்டில் நாலு பேரை எழுப்புவது யாருக்கும் நல்லதில்லை.

ஒரு டர்ன், அதாவது வந்து நின்று மறுபடி கிளம்பும் இடைவெளி, எப்படிப் போகிறது என்பதைப் பார்த்தால் சாப்பாட்டுப் பிரச்சினை புரியும். மாலை 5:10க்கு வந்து நிற்கிறீர்கள், 5:45க்குக் கிளம்ப வேண்டும். பயணிகள் இறங்க எட்டுப் பத்து நிமிடம். துணை விமானி டார்ச்சோடு கீழே போய் வாக்கரவுண்ட்: டயர், பிரேக் தேய்மானத்தைக் காட்டும் குச்சி, மூக்கருகே வேகத்தையும் உயரத்தையும் அளக்க உதவும் பிட்டோ குழாய்கள், ஸ்டேட்டிக் துளைகள், என்ஜின் முகப்பின் விசிறித் தகடுகள், கீழே எங்காவது எண்ணெய்க் கசிவு. குளிர்காலத்தில் சிஆர்ஜே 200 என்றால் இறக்கையைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதன் முன்விளிம்பில் ஸ்லாட் (slat) எனும் நகரும் பட்டை கிடையாது, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உறைபனியும் தூக்குவிசையைக் கெடுக்கும். பனி இருந்தால் டீ-ஐசிங். அது 15, 20 நிமிடத்தை விழுங்கும், 11:10 என்று எழுதிவைத்த எண்ணையும் தொடும். மேலே வந்தால் கட்டுப்பாட்டு அறையின் கிளியரன்ஸ், எஃப்எம்எஸ் என்ற விமானக் கணினியில் வழித்தடம், எடைக் கணக்கு; பைகள் பின்னால் அதிகமானால் பயணிகளை இடம் மாற்றிக்கூட உட்காரவைக்க வேண்டியிருக்கும். கதவு சாத்த வேண்டிய நேரத்துக்கு முன் மிஞ்சுவது ஆறேழு நிமிடம். அதற்குள் கழிவறை. உணவுக் கடை வரிசைக்கு நேரமே இல்லை.

ஆகவே சாப்பாடு பையில் இருக்க வேண்டும். நான்கு நாளைக்குக் கூலர் பை. உறைய வைத்த டப்பாக்களே ஐஸ் பேக். புளியோதரையும் சப்பாத்தியும் இரண்டு நாள் தாங்கும். தயிர் சாதத்தை முதல் நாளே முடித்துவிடுங்கள். மைக்ரோவேவும் ஃபிரிட்ஜும் எந்த ஓட்டலில் இருக்கிறது என்று ட்ரிப் தொடங்கும் முன் விசாரித்துக்கொண்டால் மூன்றாம் நாள் பட்டினி இல்லை.

சளி பிடித்தால் பறக்காதீர்கள். ஒரு நாளில் ஐந்து முறை கேபின் அழுத்தம் ஏறி இறங்கும்போது அடைத்த காது கிழியக்கூடும். மருந்தும் கவனம்: பெனாட்ரில் போன்ற டைஃபென்ஹைட்ரமின் மருந்தைச் சாப்பிட்டால் 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்பது எஃப்ஏஏவின் வழிகாட்டல். இரவில் தூக்கத்துக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகளில் இது ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படிக்க வேண்டும்.

களைப்பு என்று சொல்லி விலகும் உரிமையைப் பற்றிப் புதியவர்கள் பயப்படுகிறார்கள். முதல் வருடம் புரொபேஷன், பெயர் கெட்டுவிடுமோ என்ற அச்சம். ஆனால் ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் 'பறக்கத் தகுதியாக இருக்கிறேன்' என்று உறுதி சொல்கிறீர்கள். அது வெறும் டிக் இல்லை. தகுதி இல்லை என்று தெரிந்தால் அதைச் சொல்வதுதான் சட்டம். சொல்லும் விதம் முக்கியம். "டயர்டாக இருக்கிறது" என்று இழுக்காதீர்கள். "ஐ ஆம் ஃபெட்டீக்ட்" என்று ஒரே வாக்கியம், நேரம், இடம். பிறகு ரிப்போர்ட்டில் கடந்த 72 மணி நேரத்தில் எப்போது தூங்கினீர்கள், எத்தனை லெக், எந்த ஓட்டலில் சத்தம் என்று எழுதுங்கள். ஒரே ட்ரிப்பைப் பற்றி ஐந்தாறு பேர் இப்படி எழுதினால் அந்த ட்ரிப்பே மாற்றி அமைக்கப்படும். வாய்மூடி ஓட்டினால் அடுத்த மாதமும் அதே ட்ரிப் யாரோ ஒரு புதியவர் தலையில் விழும்.

வாராந்தர ஓய்வு, அமெரிக்காவில் 168 மணி நேரத்துக்குள் ஒரு முறை 30 மணி நேரம். இந்தியாவின் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ இதை 36லிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, 2025 ஜூலையிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்த ஓர் எண்ணில் நம் ஊர் விதி விமானிக்கு நல்லது செய்திருக்கிறது.

பணம் பற்றிச் சுருக்கமாக. 2022-க்குப் பிறகு பல ரீஜனல்களில் முதல் வருடத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் அளவுக்கு ஏறியது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் 75 மணி உத்தரவாதம் என்றால் மாதம் 6,750 டாலர், வரிக்கு முன். அதோடு வெளியே இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 2 டாலருக்குச் சற்று மேல் பெர் டியம் எனும் படி. 280 மணி நேரம் என்றால் 600 டாலர்போல. கேப்டன் ஆக, விமானக் கம்பெனிப் பறப்பில் 1,000 மணி நேரம் வேண்டும். அதன் பிறகும் கேப்டன் இருக்கையில் ரிசர்வின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் சிலர் நல்ல லைன் (மாத அட்டவணை) உள்ள துணை விமானியாகவே இன்னும் ஒரு வருடம் இருந்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு இல்லை.

ஒவ்வொரு நாள் இரவும் ஐந்து நிமிடம் ஒதுக்கி ரிப்போர்ட் நேரம், ஒவ்வொரு லெக்கின் பிரேக் விட்ட நேரம், போட்ட நேரம், டியூட்டி முடிவு என்று எழுதிவையுங்கள். 28 நாளில் 100 மணி நேரப் பறப்பு, வருடத்தில் 1,000 என்ற வரம்புகளைக் கணினி கண்காணிக்கிறது என்றாலும், ரத்தான லெக், மாற்றிய ட்ரிப், நீண்டுபோன டெட்ஹெட் ஆகியவற்றின் சம்பளம் விடுபடுவது அடிக்கடி நடக்கும். சம்பளச் சீட்டு வந்ததும் நோட்டை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டு, விடுபட்ட லெக்குக்கு அன்றே பே கிளெய்ம் போட்டுவிடுங்கள்.